நடுவில் விட்ட இடம்

வீட்டுக்கு ஸ்பீக்கர் வாங்குவதாக இருந்தால், ஐயா, உங்களுக்கு பேசிவ் கிராஸ்ஓவரே போதும். ஒரே ஆம்ப்ளிஃபையர். பெட்டிக்குள் இருக்கும் காயிலும் கண்டன்சரும் கனத்த சத்தத்தைப் பெரிய ஸ்பீக்கருக்கும் கீச்சுச் சத்தத்தைச் சின்னதுக்கும் பிரித்து அனுப்பிவிடும். ஆக்டிவ் என்றால் பிரிக்கும் வேலை முன்னாலேயே தனிப் பெட்டியில் நடக்கும். பெரியதற்கும் சின்னதற்கும் தனித்தனி ஆம்ப்ளிஃபையர். செலவு கூடும். ஆனால் எங்கே பிரிப்பது என்பது நம் கையில், குமிழைத் திருகினால் போதும். கடைக்கு வருகிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

என் மச்சானுக்கு ஆக்டிவ் பிடிக்காது. மனைவியின் அண்ணன். இடுப்பு ஒடிந்து எங்கள் மாடியறையில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். "பாட்டக் கேக்குறதுக்கு எதுக்கு மாப்பிள்ளை இத்தன குமிழு?" என்று சீண்டுவார். அவர் கூப்பிட்டால் கீழே கேட்கட்டும் என்று தலைமாட்டில் மைக் வைத்து, ஹால் ஸ்பீக்கரோடு இணைத்தவனே நான்தான். நல்ல எண்ணத்தில் செய்தேன்.

அதன் பிறகு என் மனைவி ஒரு வேளைகூட என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. தண்ணீர் என்பார், தலையணை என்பார். இவள் போட்டது போட்டபடி மாடியேறுவாள். முழங்கால் வீங்கிப்போனது. ஏதாவது சொன்னால், "அண்ணன் இல்லாட்டி நான் ஏதுங்க?" என்று வாயை அடைத்துவிடுவாள். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவர் மேல் எரிச்சலும் இருந்தது, மறைப்பானேன்.

அதனால் ஆக்டிவுக்கு மாற்றினேன். கனத்த சத்தம் முடிகிற இடத்தைக் கீழே இறக்கினேன். கீச்சுச் சத்தம் தொடங்குகிற இடத்தை மேலே ஏற்றினேன். மனிதக் குரல் நடுவில் இருப்பது. அது எந்த ஸ்பீக்கருக்கும் போகாது. கட்டில் அசைந்தால் கேட்கும். அவர் தொண்டை கிழியக் கத்தினாலும் ஸ்ஸ் என்று காற்றுதான் வரும். பேசிவில் இதைச் செய்யப் பெட்டியைப் பிரித்துப் பற்றவைக்க வேண்டும்.

அன்று மத்தியானம் நிதானமாகச் சாப்பிட்டோம். அவள் சிரித்துப் பேசினாள். "அண்ணன் அசந்து தூங்குறாரு. மூச்சு எவ்ளோ சீரா வருது பாருங்க" என்றாள். ஆமாம் என்றேன். இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

குமிழ்களைப் பழையபடி திருப்பி வைக்க மறந்தது என் தப்பு. சாயங்காலம் மாடியில் அவள் அண்ணன் மேல் விழுந்து கதறிக்கொண்டிருந்தாள். ஹாலில் நின்ற பக்கத்து வீட்டுக்காரர் ஒரு காலத்தில் மைக் செட் வைத்திருந்தவர். ஸ்பீக்கர் பக்கம் காதைக் கொண்டுபோனார். "மேல அப்படி அழுவுறாங்க, இதுல ஏன் வெறும் காத்து வருது?" என்றார். பிறகுதான் ஸ்டேஷனிலிருந்து நீங்கள் வந்தீர்கள்.

மாரடைப்பாம். சட்டென்று பார்த்திருந்தால் பிழைத்திருப்பாராம். அவர் சாகட்டும் என்று நான் செய்யவில்லை, ஐயா. அவள் முழங்காலுக்காகச் செய்தேன்.

அன்று சாப்பிட்டு முடித்ததும் வீட்டுப் பட்டறையில், மாடியிலிருந்து வரும் மைக் வயரில் ஹெட்ஃபோனை நேராக மாட்டிப் பார்த்தேன். மாட்டியதைச் சரிபார்ப்பது தொழில் பழக்கம். குரல் சுத்தமாக வந்தது. அவர் தங்கையைக் கூப்பிடவே இல்லை.

"அவளுக்கு முட்டி வலி. நீங்க வாங்க மாப்பிள்ளை" என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார். குரல் நிற்கும்வரை கேட்டேன்.