பெட்டி அண்ணன் வீட்டில், சாவி என் வீட்டில்

எனக்கு ஏலக்காய் போடாத டீதான் பிடிக்கும். ஏலக்காய்க்குப் பேர்போன போடியில் பிறந்தவன் இதை வெளியே சொல்லக் கூசுவான். நான் எதையும் மறைப்பவன் இல்லை.

குலசாமியின் சலங்கையும் நகையும் இருக்கும் எங்கள் சாமிப்பெட்டி அண்ணன் மொக்கச்சாமி வீட்டில் இருக்கிறது. சாவி என் வீட்டில். சிவராத்திரிக்குச் சிவராத்திரி பங்காளிகள் மாலையோடு வந்து என்னை அழைத்துப் போவார்கள். நான் போனால்தான் பெட்டி திறக்கும். முதல் மரியாதை எனக்கு.

அண்ணன் மகள் பானுப்பிரியாவும் நானும் ஒரே ஏலக்காய்க் கம்பெனியில் இருந்தோம். மலையில் காய் உலர்த்தும் ஸ்டோர்களின் சரக்கு விவரம் ஒரு கிளவுட் சர்வரில் ஏறும். அதை ஏலத்துக்கான இன்னொரு சர்வருக்கு நான்தான் தினமும் பாஸ்வேர்டு போட்டு அனுப்புவேன். என்னைக் கேட்காமல் ஒரு மூட்டை நகராது. அவள் வந்து, பாஸ்வேர்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.எச். சாவி என்று ஒரு கம்ப்யூட்டர் ஃபைல் செய்தாள்.

“பூட்டு அந்த சர்வர்ல, சாவி இந்த சர்வர்ல, சித்தப்பா. இனி யாரையும் கூப்பிட வேணாம். அதுகளே பேசிக்கிரும்.”

பெட்டி ஓரிடம், சாவி ஓரிடம் என்பது நம் வழக்கம்தான். ஆனால் சாவிக்காரனைக் கூப்பிடாத வழக்கம் எங்கும் இல்லை. எனக்கு வலித்தது.

பாதுகாப்பையும் யோசித்தேன். அந்தச் சாவியைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, சர்வரில் இருந்ததை அழித்தேன். சிவராத்திரிக்குப் பெட்டி திறந்தபோது, மஞ்சள் துணியில் சுற்றிச் சாமி சலங்கைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

மறுநாள் ஏலம். சர்வர்கள் பேசவில்லை. நான் குளித்து, திருநீறு பூசி, அழைப்பார்கள் என்று வீட்டில் காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. டீ ஆறுவதற்குள் பானுப்பிரியா புதுச் சாவி செய்துவிட்டாளாம். ஆனாலும் அதற்குள் ஏலப் பட்டியலில் எங்கள் சரக்கைச் சேர்க்கும் நேரம் கடந்துவிட்டது. பழைய சாவியை அவள் வேறு வியாபாரிக்குக் கொடுத்துவிட்டாள் என்று சந்தேகப்பட்டு முதலாளி லிங்கேஸ்வரன் அவளை வேலையை விட்டு நிறுத்தினார். சின்னப்பிள்ளை, ஏதோ ஆசையில் செய்திருக்கும் என்று அவளுக்காக நான் பரிந்தும் பேசினேன்.

“சித்தப்பா, நீங்க எடுத்தீகளா?” என்று கேட்டாள்.

“சாமி சத்தியமா எங்கிட்ட இல்ல ஆத்தா,” என்றேன். அது பொய்யில்லை. சாமியிடம்தான் இருந்தது.

அந்த சர்வருக்குள் போக அனுமதி எங்கள் இருவருக்குத்தான் என்று அவள் சொல்லி, இன்று பங்காளிகள் எல்லாரும் திரண்டு வந்து நிற்கிறீர்கள். நான்தான் எடுத்தேன். அவள் பெயரைக் கெடுத்ததும் நான்தான். பென் டிரைவைக் காட்டினால் அவளுக்கு வேலை திரும்பக் கிடைக்கும் என்கிறீர்கள். நானும் அதைத்தான் விரும்புகிறேன். பெட்டிச் சாவி இதோ, என் இடுப்பில்தான் இருக்கிறது.

நீங்கள் வெறுங்கையோடு வந்ததை நான் பெரிதுபடுத்தவில்லை. பூக்கடை திறந்துதான் இருக்கும். மாலை வரும்வரை உட்கார்ந்திருக்கிறேன்.