அனுசுயா அன்று தூங்கவில்லை

என் பெயர் தமிழ்செல்வன், வயது 29, த/பெ மொக்கைச்சாமி. சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். தற்சமயம் திருமுருகன்பூண்டியில் லைன் வீட்டில் குடியிருந்துகொண்டு பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை பார்த்து வருகிறேன். எங்கள் பத்து மாத மகன் தரணீதரன் இறந்த வழக்கில், குழந்தையைக் குளிப்பாட்டும்போது என் மனைவி அனுசுயா அஜாக்கிரதையாகத் தூங்கிவிட்டதாக என் அம்மா சீனியம்மாள் புகார் கொடுத்துள்ளார். அது சம்பந்தமாக ஆஜராகி நான் சொல்வதாவது.

அனுசுயா என்னுடைய கம்பெனியிலேயே ஓவர்லாக் டெய்லர். மெஷினில் உட்கார்ந்தபடியே கண் அசந்துவிடுவாள். ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற ஊரில் தூங்கி விழாதவர் யார்? அதனால் அதை நோயென்று யாரும் நினைக்கவில்லை, டீயைக் குடி என்றோம். சிரித்தால் அவளுக்குக் கழுத்து தொங்கி, முழங்கால் மடங்கி, துணிப் பீஸ் குவியல்மேல் சரிந்துவிடுவாள். சற்று நேரத்தில் எழுந்துகொள்வாள். அதைப் பார்ப்பதற்கென்றே சிரிக்கவைப்பார்கள். சூப்பர்வைசர் நாச்சிமுத்து இடுப்பில் கைவைத்து, “ஏனுங்கம்மிணி, தெக்கறீங்களா, மெசினுக்குத் தாலாட்டுப் பாடறீங்களா?” என்பார். அவரைப்போல நடித்துக் காட்டித்தான் நான் அவள் மனதைப் பிடித்தேன்.

சம்பவத்தன்று காலை நான் பால் வாங்கப் போயிருந்தேன். அனுசுயா பையனை டப்பில் உட்காரவைத்துக் குளிப்பாட்டியிருக்கிறாள். தண்ணீரைக் கையால் தட்டித் தட்டிக் கெக்கலிப்பது அவனுக்கு அவ்வளவு இஷ்டம், அதைப் பார்த்து அவளும் சிரிப்பாள். நான் திரும்பும்போது, எங்களோடு இருக்கும் அம்மா குழாயடியிலிருந்து வந்து பார்த்து அலறிக்கொண்டிருந்தார். அனுசுயா கண்மூடிச் சுவரோரம் கிடந்தாள். டப்பில் மூழ்கிக் கிடந்த பையனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன், பிரயோஜனமில்லை. போலீசார் கேட்டதற்கு அனுசுயாவும் தூங்கிவிட்டேன் என்றே சொன்னாள்.

அதன் பிறகு அரசு மருத்துவர் எழுதிக் கொடுத்ததன்பேரில் கோவையில் தூக்கப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். தலையிலும் தாடையிலும் வயர்களை ஒட்டி ஓர் இரவு தூங்கவைத்தார்கள். மறுநாள் பகலில் விட்டுவிட்டுப் பல தடவை படுக்கச் சொன்னார்கள். படுத்த உடனே நேராகக் கனவுத் தூக்கத்துக்குப் போய்விடுகிறாள் என்று டாக்டர் இந்துமதி சொன்னார். கனவு காணும்போது உடம்பு அசையாமல் கட்டுண்டு கிடக்கும், அந்தக் கட்டு இவளுக்கு விழித்திருக்கையில் சிரித்தாலே வந்துவிடுகிறது என்றும் சொன்னார். அதன் பிறகு அவளைச் சிரிக்கவைக்க முடியுமா என்று என்னைக் கேட்டார்.

பிள்ளையைப் புதைத்த பிறகு நாங்கள் சிரிக்கவில்லை. எனக்கு வாய் வரவில்லை. இருந்தாலும் எழுந்து இடுப்பில் கைவைத்து நாச்சிமுத்து மாதிரி நின்று, தெக்கறீங்களா, தாலாட்டுப் பாடறீங்களா என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள், அழப்போகிறாள் என்று நினைத்தேன், சிரித்துவிட்டாள். உடனே தலை சாய்ந்தது. டாக்டர் அவள் காதருகே “மல்லிகை” என்றார். வயர்கள் போய்ச் சேரும் திரையில் தாடையின் கோடு அசைவில்லாமல் நேராகக் கிடந்தது, மூளையின் கோடுகள் விழித்திருப்பவர்களுடையது போலவே ஓடின. தெளிந்ததும், என்ன சொன்னேன் கண்ணு என்று கேட்டார். மல்லிகை என்றாள்.

இப்படிச் சரியும்போது இவர் தூங்குவதில்லை, எல்லாம் கேட்கும், அசையத்தான் முடியாது, இனி பயப்படாதீர்கள் என்றார் டாக்டர்.  அவள் அன்று தூங்கித்தான் போயிருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் வந்தோம். அவிநாசி தாண்டியதும் அவளாகவே சொன்னாள். “அவன் தண்ணியத் தட்டுற சத்தம் நிக்கிற வரைக்கும் கேட்டுக்கிட்டுத்தேன் கெடந்தேன். ஒனக்குத் தெரிய வேணாம்னுதேன் தூங்கிட்டேன்னு சொன்னேன்.”

ஆகவே என் மனைவி தூங்கவில்லை, அஜாக்கிரதையாகவும் இல்லை. டாக்டர் தந்த அறிக்கையை ஒப்படைத்துள்ளேன். அன்று அவள் காதில் என்ன விழுந்தது என்று அவளிடம் கோர்ட்டிலோ ஸ்டேஷனிலோ யாரும் மறுபடி விசாரிக்க வேண்டாம். அதற்காகத்தான் நானே வந்து சொன்னேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் நிஜம்.

(ஒப்பம்) மொ. தமிழ்செல்வன்