மரத்தை வெட்டிப் போட்ட மோர்ப் பந்தல்

கொஞ்சம் இருங்க... கைதட்டினது போதும். உங்களுக்கு ஒரு சின்னக் கதை சொல்லணும். சொல்லும்போதே எனக்கு வயிறு எரியுது, அதையும் சொல்லிடறேன்.

ஒரு ஊரு. அங்கே ஞானசிகாமணின்னு ஒரு பெரிய மனுஷர். வருஷா வருஷம் சித்திரை பிறந்தா பஸ் ஸ்டாண்டு வாசல்ல மோர்ப் பந்தல் போடுவாரு. நல்ல காரியம்தானே? நல்ல காரியம்தான்! அந்த வருஷம் மட்டும் பந்தலைப் பெருசாப் போடணும்னு ஆசை வந்துடுச்சு.

பந்தல்காரரு வந்து தலையைச் சொறியறாரு. “ஐயா... நடுவுல தூங்குமூஞ்சி மரம் நிக்குதுங்க. உங்க ஃப்ளெக்ஸ் ரோட்டுலேர்ந்து தெரியாதுங்களே!”

“அட, மரம்தானேய்யா? எடுத்துடு!”

அந்த மரத்தடியில பதினோரு வருஷமா கம்பங்கூழ் விக்கிறவங்க பச்சையம்மா. அவங்க ஓடி வந்து கையைக் கூப்பறாங்க. “ஐயா, வெயிலுக்குத்தானே பந்தல் போடறீங்க? இந்த மரமே பந்தல்தானுங்களே!”

ஐயா என்ன சொன்னாரு தெரியுமா? “ஏம்மா... உன் மரம் மோர் ஊத்துமா?”

சுத்தி நின்னவங்க எல்லாரும் சிரிச்சாங்க. நீங்களும் இப்ப சிரிக்கிறீங்க! சிரிங்க, சிரிங்க...

மரம் சாய்ஞ்சுது. கிளையெல்லாம் குவிச்சு, மேல பழைய பிளாஸ்டிக் கப்பையும் கொட்டி, அங்கேயே கொளுத்தினாங்க. மறுநாள் திறப்பு விழா. உச்சி வெயில். பதினாலு காரு வந்து நிக்குது. ஒரு காராவது எஞ்சினை நிறுத்துச்சா? நிறுத்தலை! ஏன்? உள்ளே ஏசி நின்னுடுமே! மைக்குக்கு ஜெனரேட்டர் வேற, டீசலைக் குடிச்சிட்டுப் புகையைக் கக்குது. ஐயா முக்கால் மணி நேரம் பேசறாரு. “என் மக்கள் வெயில்ல வாடக் கூடாது!” என்ன பேச்சுய்யா, என்ன பேச்சு!

அந்தப் பேச்சு நடக்கும்போதே, நிழல் போன இடத்துல கூழ்ப்பானையோட நின்ன பச்சையம்மா சுருண்டு விழுந்துட்டாங்க. பானை உடைஞ்சு கூழெல்லாம் தார் ரோட்டுல. தூக்கிட்டு வந்து பந்தலுக்குள்ள படுக்க வெச்சாங்க. ஐயாவே கையில மோர் டம்ளரோட குனியறாரு. போட்டோக்காரர், “அம்மா, கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க!” அடப் பாவிகளா!

பச்சையம்மா கண்ணைத் திறந்தாங்க. டம்ளரைத் தள்ளி விட்டாங்க. “மோரு வேணாஞ்சாமி... என் மரத்தைக் குடு.”

எங்கேய்யா குடுப்பாரு? எந்தக் கடையில வாங்குவாரு? நாலாம் நாள் பந்தலையும் பிரிச்சிட்டாங்க. பச்சையம்மா அதுக்கப்புறம் அந்தப் பக்கமே வரலை.

எதுக்கு இதைச் சொல்றேன்? பூமி சுடுது, சுடுதுன்னு கத்தறோமே, சுட வெச்சது யாரு? கரண்டுக்கு நிலக்கரியை எரிக்கிறோம், வண்டிக்குப் பெட்ரோலையும் டீசலையும் எரிக்கிறோம். அந்தப் புகையில இருக்கிற கரியமில வாயு மேல போயி, பூமியைக் கம்பளி மாதிரி போர்த்திக்கிட்டு சூட்டை வெளியே விடமாட்டேங்குது. அதை இழுத்துக்கற மரத்தையும் வெட்டறோம். வெட்டி, அதையும் எரிக்கிறோம்! நல்லா எரிச்சிட்டு ஆளுக்கொரு டம்ளர் மோர்! எரிக்கிறவன் ஏசியில உக்காந்திருக்கான், விழறது பச்சையம்மா. இது நியாயமா? சொல்லுங்க, நியாயமா?

ஞானசிகாமணியைத் திட்டிட்டு வீட்டுக்குப் போயிடலாம்னு பாக்காதீங்க. இந்த மேடைக்குப் பின்னால ஆறு வண்டி நிக்குது. ஆறுலயும் எஞ்சின் ஓடுற சத்தம் எனக்குக் கேக்குது. அதுல ஒண்ணு... நான் வந்த வண்டி!

ஏப்பா சித்திரவேலு! வண்டி எஞ்சினை நிறுத்து! ... நிறுத்திட்டியா? ... சரி. இப்ப பேசறேன்.