லெனர்டின் காரில் படிந்த தூசி

தூசியை அழுக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பழைய கார்களைத் தேடித் திரியும் எங்களுக்கு அது சாட்சி. தூசி கலையாமல் இருந்தால், யாரும் கைவைக்கவில்லை என்று பொருள். நான் நடந்துகொண்டே பேசலாமா? உட்கார முடியவில்லை.

ஹெரிஃபோர்டு ஊருக்கு வெளியே, தன் ஆப்பிள் தோட்டத்துக் கொட்டகையில் என் நண்பன் லெனர்ட் அந்த ஸ்போர்ட்ஸ் காரைப் போட்டு வைத்திருந்தான். மங்கிய பச்சை, இருக்கைக்குள் எலிக்கூடு, கூரையில் கோழி எச்சம். எல்லாம் அசல். கதவுக் கண்ணாடியின் மூலையில் செய்தவர்களின் சிறு முத்திரை. அந்தக் கண்ணாடி உடைந்தால் உலகில் வேறு கிடையாது.

மகள் ஹெஸ்டரைக் கல்யாணத்தன்று அதில்தான் தேவாலயத்துக்கு அழைத்துப் போவேன் என்று அன்று காலை வாளியும் தண்ணீருமாக வந்தான். கழுவிவிட்டுப் புதுப் பெயின்டும் அடிப்பானாம்.

"வேண்டாம் லென். தொடாத."

"என்னடா, உன் பொண்டாட்டியக் கூட இப்படிப் பாத்ததில்லையே நீ! கோழிப் பீக்குக் காவல்காரன். இந்தா, சுத்தியலப் பிடி. இந்தக் கதவு சிக்கிக்கும். சிக்குனா கண்ணாடிய உடைச்சு என்னை வெளிய எடு."

சிரித்தபடி உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினான். சிக்கிக்கொண்டது. மறுபக்கக் கதவு சுவரை ஒட்டி நின்றது. கண்ணாடியை இறக்கும் கைப்பிடி எப்போதோ துருப்பிடித்து இறுகிவிட்டது. முதலில் அவனுக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது. பிறகு மார்பைப் பிடித்துக்கொண்டான். இதய நோய்க்காரன். மாத்திரை, வெளியே ஆணியில் தொங்கிய கோட்டில் இருந்தது. கண்ணாடியைத் தட்டினான்.

நான் சும்மா நிற்கவில்லை. எண்ணெய்க் குப்பியை எடுத்துப் பூட்டில் சொட்டுச் சொட்டாக விட்டேன். துருவில் எண்ணெய் ஊற நேரம் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டால் பூட்டு முறிந்துவிடும். தட்டும் சத்தம் நின்றது. அதன் பிறகு வேலையில் கவனம் செலுத்த முடிந்தது.

ஹெஸ்டர் வந்தபோது கதவு திறந்திருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. அதை அவள் கவனிக்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். பிறகு என் இடுப்பில் செருகியிருந்ததைப் பார்த்தாள்.

"சுத்தியல் உங்ககிட்டயேதான் இருந்துச்சா, அங்கிள்?"

இருந்தது. மறைக்கவில்லை. கழுவுவது நின்றுபோனது உண்மைதான். அதற்காகச் செய்தேன் என்று நீங்கள் நினைத்தால் அது தவறு.

வெளியே மழையா? கொட்டகைக் கதவை மூடச் சொல்லுங்கள். கண்ணாடியின் உட்புறத் தூசியில் அவன் உள்ளங்கை பதிந்திருக்கிறது, விரல்கள் கீழ்நோக்கி இழுபட்டு. உங்கள் போலீஸ்காரர்கள் அதைத் துடைத்துவிட வேண்டாம். நான் கடைசிவரை அதன் எதிரில்தான் நின்றேன். எதையும் கெடுக்கவில்லை.