வல்லாரைச் சம்பல்

தொண்ணூறுகளில் ஒரு காலை, போர்ட் கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் ரயில். எனக்கு எதிரே இரண்டு பேர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள். இளையவர் திடீரென்று சொன்னார்:

"நாம துரு சுரண்டினோமே கப்பலு, அது மாதிரி உடம்புக்குள்ளயும் துருப்பிடிக்குமாம் அண்ணே. கிளினிக்ல டாக்டர் சொன்னாரு."

"அதுக்கும் பெயிண்ட் அடிக்கணுமா?"

"கீரை தின்னணுமாம். வல்லாரை மாதிரி இலையில உள்ள சத்து செல்லுங்களைக் காப்பாத்தலாமாம். இன்னும் உறுதியா தெரியாதுன்னும் சொன்னாரு."

"உன் வீட்டுலதான் தெனமும் தேங்காய்ப்பூ போட்டு வல்லாரைச் சம்பல் கட்டிக் குடுத்தாங்களே."

"எனக்குப் பச்சை வாடையே ஆகாது. நம்மகூட துரு சுரண்டின ஹமீட்கிட்ட குடுத்துட்டு, அவன் பொரிச்ச மீனை வாங்கிக்குவேன். டப்பா காலியா வந்தா வீட்டுக்காரிக்கு அவ்வளவு சந்தோசம்."

"அதான் ஹமீட் இந்த வயசுலயும் சைக்கிள் மிதிக்கிறான்."

"ஆமா லா. அவ தவறினப்பகூட சைக்கிள்லதான் வந்தான்."

இளையவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இருபது வருசம் உன் சம்சாரம் கையால சாப்பிட்டேன்னு அழுதான். அந்தச் சம்பல் எப்படி இருக்கும்னு நான் அவன்கிட்டதான் கேட்டேன்."