பொத்தான் டின்

அடுப்பில் பால் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கிறவர்களுக்குக் கணினியில் மணி வைத்துக்கொள்வது நல்ல பழக்கம், டொக்டர். எனக்கு அதைக் காட்டித் தந்தவன் மகன் இயன். கடல் வந்து எங்கள் டச்பார் வீட்டை எடுத்துப் போன அடுத்த வருடம், மெல்பேர்னிலிருந்து ஒரு கணினியை அனுப்பி, தொலைபேசியிலேயே எல்லாம் சொல்லித் தந்தான். வேலையையும் நேரத்தையும் எழுதி வைத்தால், அந்த நேரத்துக்கு மணி அடிக்கும். செய்துவிட்டு, 'முடிந்தது' என்ற கட்டத்தை அழுத்தும்வரை ஓயாது.

என் கணவர் ஏர்னஸ்டுக்கு மறதி எப்போது தொடங்கியது என்று கேட்டீர்கள். அந்தப் பேனையை மூடி வைத்தால் சொல்கிறேன். அவர் வெளியே வாங்கில் உட்கார்ந்திருக்கிறார், கேட்காது.

முதலில் அவருடைய ஞாபகத்தைச் சொல்ல வேண்டும். எந்த நத்தாருக்கு நான் கேக்கைக் கருக்கினேன், யாருடைய கலியாணத்துக்கு என்னால் பிந்திப் போனோம் என்பதையெல்லாம் தேதியோடு சொல்வார். கடல் வந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் அலுமாரியில் ஒரே மாதிரி இரண்டு நீல பிஸ்கட் டின்கள் இருந்தன. ஒன்றில் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், கலியாணப் படங்கள். மற்றதில் பொத்தான்கள். நான் தூக்கிக்கொண்டு ஓடியது பொத்தான்களை.

தன்னாமுனை வாடகை வீட்டுக்கு வந்த பிறகு, யார் வந்தாலும் ஏர்னஸ்ட் அந்த டின்னைக் கொண்டுவந்து காதருகில் குலுக்கிக் காட்டுவார்.

"என்ட பிறிசில்லா கடலுக்க இருந்து காப்பாத்தின சொத்து. சாகுமட்டும் சட்டைக்குக் குறையில்ல, சட்டைதான் இல்ல."

வந்தவர்கள் சிரிப்பார்கள். பாதிரியாரும் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே தேநீர் கொடுப்பேன்.

பத்து வருடமாக வாவிக்கு இந்தப் பக்கம் ஒரு நேரம், அந்தப் பக்கம், அரசாங்கத்தோடு சண்டை பிடித்த இயக்கத்தின் கையிலிருந்த படுவான்கரையில் அதற்கு அரை மணி பிந்திய பழைய நேரம். 2006 சித்திரையில் அரசாங்கமும் பழைய நேரத்துக்குத் திரும்பியது. எங்கள் கடிகாரங்களைக் கடல் கொண்டுபோனதால், வீட்டில் நேரம் சொல்வது கணினி மட்டும். ஏர்னஸ்ட் கவனமாக அதை அரை மணி பின்னுக்கு வைத்தார். அவர் குளிக்கப் போனதும், நான் பழையபடி முன்னுக்கு வைத்தேன். ஞாயிறு பூசைக்கு அரை மணி முந்திப் போய், பூட்டிய கோயில் வாசலில் தனியாக நின்றிருக்கிறார்.

"நான் மாத்தினன்தானே?"

"மாத்தப் போறன் எண்டு சொன்னீங்க. மறுகா குளிக்கப் போயிட்டீங்க."

அவர் தானாகவே போய்க் கணினியை மறுபடி பின்னுக்கு வைத்தார். கலியாணம் முடித்து முப்பத்தொரு வருடத்தில் அவ்வளவு ருசியான மதியச் சாப்பாட்டை நான் சாப்பிட்டதில்லை.

பிறகு அவருடைய வேலைகளையும் கணினியில் எழுதினேன், உதவிக்குத்தான். கோழிக்குத் தீன் போட்டு 'முடிந்தது' என்று அழுத்திவிட்டுப் போவார். நான் அந்த அடையாளத்தை எடுத்து, முடியாத வேலையாக்கி விடுவேன். அரை மணியில் மறுபடி அடிக்கும். அவர் மறுபடி தீன் போடுவார். கோழிகள் வேலி தாண்ட முடியாமல் கொழுத்தன. குறோட்டன் செடிகள் தண்ணீரில் அழுகின. ஒரே நாளில் இரண்டு தரம் சவரம் செய்து கன்னம் எரிந்தது. பிறஷருக்கு அவர் விழுங்கும் குளிசையில் மட்டும் நான் கை வைக்கவில்லை. நான் கெட்டவள் இல்லை.

டடியைப் பார்த்துக்கொள்ள மம்மியைப் போல யாருக்குப் பொறுமை வரும் என்று இயன் தொலைபேசியில் சொன்னான். அதை மறுத்துப் பேசுவது மரியாதையாக இருக்காது.

இரண்டு வருடத்தில் ஏர்னஸ்ட் டின்னைக் குலுக்குவதை விட்டுவிட்டார். கதையின் நடுவில் ஏதாவது பிழையாகிவிடுமோ என்ற பயம்.

இந்த வைகாசியில் டவுன் பக்கம் வெடி கொளுத்தினார்கள். ஏன் என்று கேட்டார். சண்டை முடிந்துவிட்டது என்றேன்.

"இப்பதான் முடிஞ்சதா? இல்லாட்டி முன்னமே முடிஞ்சு, நான் மறந்திட்டனா?"

அவர் எழுந்து போய் டின்னைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மூடியைத் திறந்து பொத்தான்களை விரலால் கிளறினார்.

"பிறிசில்லா, இதத் தூக்கிட்டு ஓடினது ஆர்? நானா?"

அப்படிக் கேட்பார் என்று நான் திட்டமிடவில்லை, டொக்டர். அவராகத்தான் கேட்டார்.

"ஓம்," என்றேன். "பரவாயில்ல. நான் அத எப்பவோ மறந்திட்டன்."

அழுதார். கடல் வந்த அன்றுகூட அவர் அழவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், நீங்கள் எழுதப்போகும் அந்த மறதிக் குளிசையை எழுத வேண்டாம். அவருடைய மூளையில் ஒரு பழுதும் இல்லை. வீணாக மருந்து கொடுத்து அவருடைய உடம்பைக் கெடுக்க என் மனம் இடம் தராது. இப்போது எங்களுக்குள் முன்னொருபோதும் இல்லாத அன்பு. பின்னேரம் ஐந்து மணிக்கு, எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு வந்து, என் கையைப் பிடித்து அந்த டின்னுக்காக மன்னிப்புக் கேட்கிறார். ஒவ்வொரு நாளும். மனதாரத்தான் கேட்கிறார். கணினியில் நான் வைத்தது மணி மட்டும்தான்.