வலது பெருவிரல்

கீழ்பென்னாத்தூரிலிருந்து நான் கல்லூரிக்குப் போகும் காலைப் பேருந்தில், முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். துணிப்பையை மடியில் வைத்திருந்தவளின் கணவனுக்கு அன்று டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் குடலிறக்க ஆபரேஷன்.

“என்ன ஆனாலும் கேஸ் போட மாட்டேன்னு கைநாட்டு வெச்சா செலவு கம்மியாகுமாம்க்கா. நேத்து வெச்சிட்டு வந்தேன்,” என்றாள் அவள்.

“யாரு சொன்னது?” என்றாள் மற்றவள்.

“கம்பவுண்டர். ஜனங்க கேஸ் போடறதாலதான் ஃபீஸ் ஜாஸ்தியாம்.”

“நம்ம ஊர்ல எவ கோர்ட்டு வாசப்படி மிதிச்சா? என் மருமகளும் பிரசவத்துக்கு வெச்சா. ஒத்த ரூபா குறைக்கல.”

“எனக்கும் சந்தேகம்தான். அவங்க வேலை மேல அவங்களுக்கே நம்பிக்கை இல்லாமதானே எழுதி வாங்கறாங்க?”

“அப்புறம் ஏன்டி வெச்ச?”

“வெக்கலன்னா ஆபரேஷன் கிடையாதுன்னுட்டாரு. ஆனா அவரு கேட்டது இடது பெருவிரல். அவரு அந்தப் பக்கம் திரும்பினப்ப வலதுல மை தொட்டு வெச்சிட்டேன். அது செல்லாதில்ல?” மை போகாத விரலைக் காட்டிச் சிரித்தாள்.

“ரெண்டும் உன் விரல்தானேடி.”

சிரிப்பு நின்றது. டவுன் கோயில் கோபுரம் தெரிந்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“அப்படின்னா எங்க வீட்டுக்காரரு நல்லபடியா எழுந்து வந்தாகணும்க்கா.”